மறுபடியும் பூக்கட்டிப் பார்க்கும் முன்

மகளின் வரனோ பயாப்சி முடிவோ, எதுவானாலும் சாமி முன் பூக்கட்டிப் பார்ப்பவர்கள், அதாவது இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஒன்றை எடுத்துச் சாமியின் பதில் கேட்பவர்கள், மனநல ஆலோசனைக்கு நிறைய வருகிறார்கள். நினைத்த பூ வந்தால் நிம்மதி. அரைமணி நேரத்தில், "பொட்டலத்தைச் சரியாகக் குலுக்கினேனா?" என்று சந்தேகம்; இன்னொரு தடவை. மாறி வந்தால் ஜோசியர், பிறகு வேறு கோயில். சர்ச்சுக்குப் போகிறவர்களில் சிலர் பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை இப்படியே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்.

பக்தியில் குறையில்லை. கேட்டதும் பதற்றம் சட்டென்று இறங்குகிறது. மனம் அதில் ருசி கண்டுவிடுகிறது. முடிவு தெரியாமல் இருக்க அது பழகுவதேயில்லை. அதனால் அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

கவலைக்கென்று தினம் ஒரு நேரம் வையுங்கள்: மாலை 6 மணி போல, படுக்கும் நேரத்தை ஒட்டாமல், 15 முதல் 20 நிமிடம். நோட்டில் நடுவே ஒரு கோடு. அடியேனைத் தாங்குவது அவன் கடன், பணி செய்து கிடப்பது என் கடன் என்று கடம்பூர்க் கரக்கோயிலில் அப்பர் பாடிய பிரிவினை இதற்கு அப்படியே பொருந்தும். ரிப்போர்ட் வாங்கும் தேதி, டாக்டரிடம் கேட்க வேண்டியவை, காப்பீட்டு அட்டை எல்லாம் 'என் கடன்'. ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்பது 'அவன் கடன்'. உங்கள் பக்கத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு, மற்றதை ஒரே தடவை வேண்டிக்கொண்டு நோட்டை மூடுங்கள்.

இடையில் கேட்கத் துடித்தால் 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். அடுத்த வாரம் 20, பிறகு ஒரு மணி நேரம். துடிப்பு ஏறித் தானாக இறங்குவதை உடம்பே அனுபவிக்க வேண்டும். பயம் போன பிறகு சாமியிடம் ஒப்படைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நெஞ்சு படபடக்கும்போதே செய்வதுதான் இந்தப் பயிற்சி.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: "முழுசாக ஒப்படைத்துவிட்டேனா?" என்று தன்னையே சோதிப்பது. அதுவும் பூக்கட்டிப் பார்ப்பதுதான். பயப்படுவதே நம்பிக்கைக் குறைவு என்று வீட்டில் யாரும் குத்திக்காட்டவும் வேண்டாம். அந்தக் குற்றவுணர்வு பதற்றத்தைத்தான் கூட்டும்.

ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் கவலை, தூக்கக்கேடு, கழுத்து தோள் இறுக்கம், வேலையில் தடுமாற்றம் என்றிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் படபடப்பு வரும். ரத்தப் பரிசோதனை சொன்னால் செய்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் தரும் மாத்திரையின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சாமி பார்த்துக்கொள்வார் என்று நடுவில் நிறுத்தாதீர்கள், அது 'என் கடன்' பக்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.