கண்ணாடி இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிட்டால்: கடலோர ஊர்கள் கேட்க வேண்டியவை

ஊராட்சி அலுவலகத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்துவிட்டது என்ற அறிவிப்பை நம்பி, அதே ஊரின் துணை சுகாதார நிலையத்தில் மருத்துவரைத் திரையில் பார்த்துவிடலாம் என்று போகிறவர்கள், இராமநாதபுரம் கடற்கரையில் பல இடங்களில் ஏமாந்து திரும்புகிறார்கள். கேபிள் வந்த கட்டடமும் நோயாளி காத்திருக்கும் கட்டடமும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் காட்டுகிறது.

திட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வழியாக இணையம் தர ஒன்றிய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்த திட்டம் பின்னர் பாரத்நெட் என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் இணைப்புக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றது. மறுபுறம், இ-சஞ்சீவனி என்ற அரசுத் தொலைமருத்துவச் சேவை 2019 முதல் நடக்கிறது. அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. டோக்கன் போட, பதிவு செய்ய என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

முதல் சிக்கல் ‘ஊராட்சி’ என்ற வரையறையிலேயே இருக்கிறது. திட்டம் கிராம ஊராட்சிகளைக் கணக்கில் கொண்டது. பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், பெரியபட்டினம் போன்றவை இதில் வரும். இராமேஸ்வரமும் கீழக்கரையும் நகராட்சிகள், மண்டபமும் தொண்டியும் சாயல்குடியும் பேரூராட்சிகள் என்பதால் அங்குள்ள மீனவர் குடியிருப்புகள் எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. அங்கு வசிப்பவர்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அலைவதில் பயனில்லை. துணை சுகாதார நிலையத்துக்கு இணையம் வேண்டும் என்று சுகாதாரத் துறையிடம்தான் நேரடியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், ஊராட்சிக்குள் இருந்தும் கேபிளுக்கு வெளியே இருக்கும் குப்பங்களுடையது. ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் உள்ளே, சாலையோரம் இருக்கும். கடலோரக் குப்பம் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும். ஆனால் பதிவேட்டில் அந்த ஊராட்சி ‘இணைக்கப்பட்டது’ என்றே எழுதப்பட்டிருக்கும். 2023 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திருத்தப்பட்ட திட்டத்தில், ஊராட்சித் தலைமையிடம் அல்லாத கிராமங்களுக்கும் கோரிக்கையின் பேரில் இணைப்புத் தரலாம் என்று இருக்கிறது. கோரிக்கை இல்லாவிட்டால் இணைப்பும் இல்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள் என்பதால், அந்தக் கோரிக்கை எழுத்தில் பதிவாக வேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில், குப்பத்தின் பெயரையும் துணை சுகாதார நிலையத்தின் பெயரையும் குறிப்பிட்டுத் தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள். வாய்மொழியாகப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கேபிள் வந்துசேர்ந்த ஊர்களிலும் நிலைமை எளிதாக இல்லை. மண்டபம் ஊராட்சி ஒன்றியத்தில், கேபிள் வந்து முடியும் இடமாக நான் பார்த்த ஒரு ஊராட்சி சேவை மையத்தில் இணையக் கருவிப் பெட்டி பூட்டியபடி இருந்தது, சாவி வேறொருவரிடம் இருந்தது, யுபிஎஸ் செருகப்பட வேண்டிய இடத்தில் மின்விசிறி செருகப்பட்டிருந்தது. அதே ஊரில் செவிலியர் தம் சொந்தக் கைபேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, சிக்னல் கிடைக்கும் வாசல் திண்ணைக்கு நோயாளியை அழைத்து வந்து உட்காரவைத்திருந்தார். ஒரு பெண் தன் உடல்நிலையைத் தெருவில் போகிறவர்கள் கேட்கும்படி மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நிலை அது. அந்தச் செவிலியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டிக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது என்பதில்தான் அலைச்சல் தொடங்குகிறது. பெட்டி இருக்கும் கட்டடமும் அதற்கான மின்சாரமும் ஊராட்சியின் பொறுப்பு. இந்த மாவட்டத்தில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போனதிலிருந்து, ‘தலைவர் இல்லை, பிறகு வாருங்கள்’ என்ற பதில் பல ஊராட்சிகளில் வழக்கமாகிவிட்டது. அதை ஏற்க வேண்டாம். தலைவர் இல்லாத காலத்தில் மனுவை ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கேபிள் அறுந்திருந்தால் அது டான்ஃபிநெட்டின் வேலை. கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்களில் தொங்குவதால், கம்பத்தை மாற்றும்போது அறுபடுவதும் உண்டு. உடனே மின்வாரியமும் கேபிள் ஒப்பந்ததாரரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். பாதை ஒரே கோடாக இருக்கும் இடங்களில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊராட்சிகள் எல்லாம் இணைப்பை இழக்கும். ஆகவே பக்கத்து ஊர்களிலும் இணைப்பு போயிருக்கிறதா என்று விசாரித்து, அதையும் மனுவில் எழுதுங்கள். சேவை மையத்திலிருந்து துணை சுகாதார நிலையத்துக்கு இணைப்பை நீட்டும்படி கேட்க வேண்டியது சுகாதாரத் துறை. அந்த மனு வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் போக வேண்டும்.

ஒரே மனுவின் நகலை ஊராட்சி ஒன்றிய அலுவலகம், டான்ஃபிநெட், சுகாதாரத் துறை ஆகிய மூன்று தரப்புக்கும் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் பதிவு செய்யுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பெட்டி எந்தத் தேதியில் நிறுவப்பட்டது, இப்போது இயங்குகிறதா, துணை சுகாதார நிலையத்துக்கு இணைப்புக் கேட்டு எழுதப்பட்ட கடிதம் உண்டா என்ற மூன்று கேள்விகள் போதும். ‘எங்கள் அலுவலகம் அல்ல’ என்று மனுவைத் திருப்பித் தர அவர்களுக்கு உரிமை இல்லை. 5 நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும், 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும்.

நோயாளிகளுக்குச் சில எச்சரிக்கைகள். வீட்டிலிருந்தே இ-சஞ்சீவனியில் பதிவு செய்பவர்கள், வீட்டில் இருக்கும் கைபேசியின் எண்ணையே கொடுங்கள். கணவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அவர் கடலுக்குப் போன நாளில் ஓடிபி எண்ணுக்காகக் காத்திருக்கும் பெண்கள் இங்கே அதிகம். மருந்துச் சீட்டு இல்லாமல் அழைப்பை முடிக்கவிடாதீர்கள்; 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டின் படமோ மின்வடிவமோ செல்லும். தூக்கமருந்து போன்ற சில மருந்துகளைத் தொலைவழியில் எழுத முடியாது என்பதால், அவற்றுக்கு நேரில் போக வேண்டியிருக்கும். நெஞ்சுவலி, பக்கவாதம், பிரசவ வலி, பாம்புக்கடி ஆகியவற்றுக்குத் திரையின் முன் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.