ஐந்தரை முறை ஏறினால் புக்கிட் தீமா

உடற்பயிற்சியைப் பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் வழக்கமாக வரும் பதில், "போரடிக்குதுங்க." கொஞ்சம் துருவிக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். முதல் வாரமே ஐந்து கிலோமீட்டர் ஓடப் பார்த்திருப்பார்கள். மூச்சு முட்டியிருக்கும், கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பு வலித்திருக்கும். கஷ்டமாக இருந்தது என்று ஒப்புக்கொள்வதைவிடப் போர் என்று சொல்லிவிடுவது கௌரவம்! அதனால் புதுச் சப்பாத்தும் கைக்கடிகாரமும் வாங்கும் முன் வேகத்தைச் சரிபாருங்கள்.

கூட நடப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினால் அது உங்களுக்கு அதிகம். எண்ணிப் பார்க்க விரும்புவோர் 15 விநாடியில் எத்தனை அடி வைக்கிறோம் என்று பார்க்கலாம். 25 வந்தால் நிமிடத்துக்கு 100, பெரும்பாலோருக்கு இது போதும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது சிங்கப்பூரில் பெரியவர்களுக்கான பரிந்துரை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும்.

இன்னொரு தவறு, கடைசிச் சுற்றில் விரட்டி ஓடி முடிப்பது. மனம் ஞாபகம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் முடிவைத்தான். மூச்சிரைப்போடு முடித்தால் மறுநாள் சப்பாத்தைப் பார்த்ததும் அந்த மூச்சிரைப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். கடினமான பகுதியை நடுவில் வையுங்கள், கடைசி ஐந்து நிமிடம் சும்மா உலாவுங்கள்.

அப்புறம், மணி பார்ப்பது. "இன்னும் பன்னிரண்டு நிமிஷமா?" என்று பார்க்கப் பார்க்க நேரம் இழுக்கும். பாட்டால் அளந்து பாருங்கள்: ஒரு மெலடி, ஐந்து குத்துப்பாட்டு, மறுபடி ஒரு மெலடி. பாட்டுக்கு நாலரை நிமிடம் என்றால் ஏழு பாட்டில் அரை மணி நேரம் ஓடிவிடும். பேச்சு பிடிக்கும் என்றால் ஒலி 96.8 வானொலி அல்லது ஏதாவது தொடர்கதை. அந்தத் தொடரை நடக்கும்போது மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபாவில் உட்கார்ந்து கேட்ட அன்றோடு அதன் இழுப்பு போய்விடும். பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்க வேண்டும்.

மழைக்காலத்தில் பலரும் மறப்பது புளோக் படிக்கட்டை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் ஒரு மாடிக்கு ஏறக்குறைய 2.8 மீட்டர் உயரம். தரைத்தளத்திலிருந்து 12-ஆம் மாடிக்குப் போனால் சுமார் 30 மீட்டர் ஏறியிருப்பீர்கள். புக்கிட் தீமா மலை 163 மீட்டர். ஆக, ஐந்தரை முறை ஏறினால் மலை உச்சி! ஒரே நாளில் வேண்டாம். சமையலறை நாள்காட்டியில் ஏறிய மாடிகளைக் குறித்து, ஒரு வாரத்தில் ஒரு மலை என்று வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் போட்டி தானாக வந்துவிடும்.

ஏறும் முறையும் முக்கியம். பாதம் முழுதும் படியில் பதிய வேண்டும். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு போகலாம், அதைப் பிடித்து உடம்பை இழுக்காதீர்கள். சிலிப்பர் கூடாது. மூன்று மாடிக்கு ஒருமுறை திருப்பத்தில் அரை நிமிடம் நில்லுங்கள். இறங்குவதற்கு மின்தூக்கி: முழங்காலைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான், மறுநாள் தொடைவலிக்கும் அதுவே காரணம். முழங்கால் தேய்மானமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நெஞ்சில் அழுத்தம் வந்தால் உடனே நிறுத்தி, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை, மூன்று கிலோமீட்டருக்கும் மேல், பால்குடத்தோடு நடக்கும் யாரும் போரடிக்கிறது என்று சொல்வதில்லை. போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது, கூட ஆள் இருக்கிறது. சாதாரண நாளில் அந்த இடம் தேக்கா சந்தையாக இருக்கட்டும்: போகும்போது நடை, கீரையும் மீனுமாகத் திரும்பும்போது பஸ். கூட ஆள் வேண்டுமென்றால், சமூக மன்றத்தில் நாலு பேராகப் பூப்பந்துத் திடல் எடுங்கள். காசு கொடுத்தாயிற்று, மூன்று பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் படுக்கையைவிட்டு எழாமல் இருக்க முடியாது.

வெயிலைப் பொறுத்தவரை காலை எட்டுக்கு முன் அல்லது சூரியன் சாய்ந்த பின். இன்சுலின் போடுபவர்கள், இரத்தச் சர்க்கரை இறங்கினால் சாப்பிட, பையில் 15 கிராம் குளுக்கோஸ் வைத்திருங்கள். கை நடுங்கினாலோ திடீரென வியர்த்தாலோ மிச்சத் தூரத்தை மறந்துவிட்டு முதலில் அதைச் சாப்பிடுங்கள்.

காய்ச்சலோ ஊர்ப்பயணமோ இடையில் வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், ஏழு பாட்டோடு தொடங்க வேண்டாம், மூன்று பாட்டு போதும்.