மங்குவது சூரியனா, கருவியா?

சூரியனின் அதீத புற ஊதாக் கதிர் தரைக்கு வருவதே இல்லை. மேல் வளிமண்டலம் அதை முழுதாக விழுங்கிவிடுகிறது. விண்வெளிக்குப் போய்த்தான் அளக்க வேண்டும். ஆனால் அங்கே, அளக்கும் கருவியை அந்தக் கதிரே கெடுக்கிறது.

2010 பிப்ரவரியில் நாசா ஏவிய எஸ்.டி.ஓ. என்ற சூரிய ஆய்வுச் செயற்கைக்கோளில் இந்தக் கதிரை அளக்கும் ஈவ் கருவியைப் பாருங்கள். பசை, கேபிள், வெப்பப் போர்வை எல்லாம் வெற்றிடத்தில் மெல்ல ஆவி விடும். அந்த ஆவியில் உள்ள ஹைட்ரோகார்பன், ஒளியைப் பதிவுசெய்யும் சில்லான குளிர்ந்த சிசிடியிலும், வேண்டாத ஒளியைத் தடுக்கும் ஃபில்டரிலும் போய் ஒட்டும். அதன்மேல் புற ஊதா பட்டால் கரியாக இறுகிவிடும். சிசிடியைச் சூடாக்கினால் அதில் படிந்த நீர்ப்படலம் போகும். இறுகிய கரி போகாது. இதுபோக, ஹீலியத்தின் 30.4 நானோமீட்டர் நிறமாலை வரிபோல் பிரகாசமானவை சிசிடியில் விழும் இடம் மட்டும் தனியாகத் தேயும். அதனால் சிசிடி முழுதுக்கும் ஒரே திருத்த எண்ணைப் போடுவது தவறு.

ஃபில்டரின் தடிமன் சில நூறு நானோமீட்டர்தான். அதில் ஊசித்துளை விழுந்தால் கண்ணுறு ஒளி, அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளி, கசியும். அந்த ஒளி பல்லாயிரம் மடங்கு வலுவானது என்பதால், துளி கசிந்தாலும் புற ஊதா கூடியதுபோலக் காட்டும். இதைப் பிடிக்க ஒரு மாற்று ஃபில்டரை எப்போதாவது மட்டும் வெயிலுக்குக் காட்டி, அன்றாட ஃபில்டரோடு ஒப்பிடுவார்கள். சிசிடியின் தேய்மானத்தைச் சோதிக்கக் கருவிக்கு உள்ளேயே எல்.இ.டி. விளக்கு உண்டு. ஆனால் அது கண்ணுறு ஒளி. அதைக்கொண்டு புற ஊதா உணர்திறனை ஊகிக்கத்தான் முடியும்.

நம்பகமான சோதனை ராக்கெட்தான். ஈவின் நகல் கருவியை அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள சர்ஃப் என்ற சின்க்ரோட்ரானில், அதாவது எலெக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி ஒளி உண்டாக்கும் கருவியில், அளவுத்திருத்தம் செய்கிறார்கள். எலெக்ட்ரான் ஆற்றலும் கற்றை மின்னோட்டமும் தெரிந்தால் அங்கே வரும் ஒளியைக் கணக்கிட்டுவிடலாம். பிறகு நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸிலிருந்து பிளாக் பிராண்ட் ராக்கெட்டில் ஏவுகிறார்கள். மேலே போய் அது சூரியனை அளந்து, ஈவின் அளவோடு ஒப்பிடத் தரும். அளக்கக் கிடைப்பது ஐந்து நிமிடம்போல. அந்த உயரத்திலும் மிச்சக் காற்று கொஞ்சம் உறிஞ்சும். அதைக் கழிக்காமல் விட்டால் செயற்கைக்கோள் மேல் வீண்பழி விழும். முதல் ராக்கெட் 2010 மே 3-இல் போனது.

தரவைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு ராக்கெட்டுக்குப் பிறகும் பழைய எண்களே திருத்தப்படலாம். தரவின் இரண்டு பதிப்புகளை ஒட்டி ஒரே வரைபடம் போடாதீர்கள். ஈவில் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளந்த மெக்ஸ்-ஏ என்ற அலைமாலைமானி 2014 மே மாதம் நின்றுபோனது. அதன் அலைநீளங்களில் அதற்குப் பிந்தைய எண் வேறு வழியில் பெறப்பட்டதா என்று பாருங்கள். செயற்கைக்கோளுக்குச் சூரியனைப் பூமி மறைக்கும், ஆண்டுக்கு இருமுறை வரும் மறைப்புக் காலத்தில், பூமியின் விளிம்பை ஒட்டி எடுத்த அளவுகளை நீக்கிவிடுங்கள். அங்கே தெரியும் சரிவு நம் வளிமண்டலத்தினுடையது.