நெகிழி: பிளாஸ்டிக்குக்கு ஏத்த சொல்தானா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, சாட்ஸ்வர்த் பக்கம் நாங்க நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை ஆனா டிஸ்க் கோல்ஃப் (தட்டு மாதிரி பிளாஸ்டிக் டிஸ்க்கை வீசி, தூரத்துல இருக்கற கூடையில விழவைக்கிற ஆட்டம்) வீசப் போயிடுவோம், போன வாரம் அண்ணன் மகன் ரெண்டு டிரைவரை (தூரமா வீசற டிஸ்க்) நீட்டி, "சித்தப்பா, ஒரே மாடல், ஒரே எடை, இது மட்டும் ஏன் வலப்பக்கம் சாயுது?"ன்னு கேட்டான். பிளாஸ்டிக் வேறடான்னேன். சரி, பிளாஸ்டிக்குக்குத் தமிழ்ல என்னன்னு அடுத்த கேள்வி.

நெகிழி. நெகிழ்னா இளகு, தளர். குறள் 1236ல "தொடியொடு தோள்நெகிழ"ன்னு வருது, பிரிவுல மெலிஞ்சு வளையலும் தோளும் தளர்றது. மனசு நெகிழ்ந்துபோச்சுன்னு இன்னிக்கும் சொல்றோமே, அதே நெகிழ்தான். ஆனா பிளாஸ்டிக்கோட வேர் கிரேக்கம், அதுல களிமண்ணைப் பிடிச்சு உருவம் கொடுக்கறதுன்னு பொருள். அங்க வார்ப்பு, இங்க இளக்கம். 1907ல பேக்லேண்ட்ங்கற வேதியியலாளர் செஞ்ச பேக்கலைட்ங்கற பிளாஸ்டிக் ஒரு தடவை இறுகினா அப்புறம் சூடாக்கினாலும் இளகாது, அதை நெகிழின்னு சொல்ல எனக்கு வாய் வரல. டிஸ்க்குக்கு ரெண்டு பொருளுமே பொருந்துது.

முதல்ல வார்ப்பு. உருகின பிளாஸ்டிக் அச்சுக்குள்ள போய் ஆறும்போது சுருங்கும், ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும், அதனால ஒரே அச்சுல வந்தாலும் மேல்மூடியோட குவிவும் விளிம்போட உயரமும் ஒரு மயிரிழை மாறும். விளிம்பு உசந்தா வலப்பக்கம் சாயாம நின்னு கடைசியில இடப்பக்கம் இறங்கும், தாழ்ந்தா வலப்பக்கம் புரளும் (வலது கைக்காரர் பேக்ஹேண்ட்ல, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசினா சொல்றேன்).

அப்புறம் இளக்கம். டிஸ்க் செய்யற இன்னோவா கம்பெனியோட டிஎக்ஸ் பிளாஸ்டிக் மாதிரி விலை குறைஞ்ச வகை கையில நல்லாப் பிடிக்கும், ஆனா அடிபட்டா சீக்கிரம் தேயும், தேயத் தேய வலப்பக்கம் சாயற குணம் கூடும். அதே கம்பெனியோட சாம்பியன் மாதிரி கெட்டியான வகை ரொம்ப நாள் புதுசுல பறந்த மாதிரியே பறக்கும், எதிர்காத்துலயும் புரளாது, கடல்காத்து அடிக்கிற எங்க ஊருக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். பையனோட அந்தச் சாயற டிரைவர் விலை குறைஞ்ச வகை. விளிம்புல கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன், மாமரத்துல பட்ட இடமெல்லாம் பிசிறு பிசிறா நின்னுச்சு, ஒரு இடத்துல நகம் உள்ள போற அளவுக்குப் பள்ளம்.

ஜோகன்னஸ்பர்க் போனா கதை மாறிடும். கடல்மட்டத்துலருந்து 1,700 மீட்டருக்கு மேல, காத்து அடர்த்தி கம்மி, டிஸ்க் சாயவே யோசிக்கும், சீக்கிரம் இடப்பக்கம் விழுந்துடும். அதோட ஜூலை காலைக் குளிர்ல எல்லா நெகிழியும் விறைச்சுக்கும், பிடி வழுக்கும். அங்க தேஞ்சுபோனதுதான் நேரா போகும், அதனால அந்தப் பிசிறு டிரைவரை அவன் தூக்கிப்போடப் பார்த்தப்ப வாங்கி என் பையில வச்சுக்கிட்டேன்.