ராஜாவா, ரகுமானா? மூளைக்குள் நடக்கும் வாக்குப்பதிவு

2025 பொங்கல் முடிந்து திண்டுக்கல்லில் இருந்து சென்னைக்கு எல்லோரும் ஒரே காரில் திரும்பினோம். ஓட்டியது நான். பக்கத்தில் அப்பா, பின்னால் சித்தப்பா, அக்கா, அக்கா மகள். திருச்சியைத் தாண்டுவதற்குள் அந்தப் பேச்சு வந்துவிட்டது: தமிழ் சினிமாவின் ஆகப் பெரிய இசையமைப்பாளர் யார்? 79 வயது அப்பாவுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன். 63 வயது சித்தப்பாவுக்கு இளையராஜா. 47 வயது அக்காவுக்கு ஏ.ஆர்.ரகுமான். பெரம்பலூர் வரும்போது மூன்று பேர் குரலும் ஏறியிருந்தது.

அந்த வயதுகளைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். விஸ்வநாதன் கொடிகட்டிப் பறந்த 1965-இல் அப்பாவுக்கு 19. 'அன்னக்கிளி' வந்த 1976-இல் சித்தப்பாவுக்கு 14. 'ரோஜா' வந்த 1992-இல் அக்காவுக்கும் 14. தற்செயல் என்று இதை ஒதுக்க முடியாது.

வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதில் இருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் குவியலாக வரும். வரைபடம் போட்டால் அந்த இடம் மட்டும் மேடு கட்டி நிற்கும். உளவியலாளர்கள் இதை 'நினைவு மேடு' என்கிற பொருளில்தான் அழைக்கிறார்கள். இசையிலும் அப்படியா என்று 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 16 முதல் 86 வயது வரை 108 பேரைக் கூப்பிட்டு, 1932 முதல் 1986 வரை வந்த 28 பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள். தனக்கு ஏறக்குறைய 24 வயது இருக்கும்போது வந்த பாட்டுக்குத்தான் மனிதர்கள் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த உச்சம் பதின்ம வயதுப் பக்கம் இன்னும் நகர்ந்தது.

ஏன் அந்த வயது? முதல் காதல், முதல் சம்பளம், வீட்டை விட்டு முதன்முதலாகத் தனியாகப் போன பஸ் பயணம் எல்லாம் அப்போதுதான் நடக்கிறது. 'நான் யார்' என்பதை மனசு முடிவு செய்வதும் அப்போதுதான். பதின்ம வயது மூளை இன்பத்தையும் பரிசையும் பெரியவர்களின் மூளையைவிடத் தீவிரமாக உணரும். அந்த நேரத்தில் பக்கத்தில் எந்தப் பாட்டு ஓடியதோ அது அந்த நினைவோடு சேர்ந்தே பதிந்துவிடும். அதனால் "ராஜா மாதிரி வருமா" என்று சித்தப்பா சொல்லும்போது, இசையைப் பற்றி மட்டும் அவர் சொல்லவில்லை. தன் பதினான்கு வயதையும் சேர்த்தே சொல்கிறார்.

ஆனால் வயது மட்டும்தான் காரணம் என்றால் விஷயம் சப்பென்று முடிந்திருக்கும். சித்தப்பாவின் விரலை நான் ரியர்வியூ கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். எண்பதுகளில் திண்டுக்கல்லில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தவர் அவர். காரில் ஓடும் பாட்டின் முதல் சரணம் முடிந்து இரண்டாவது இடையிசை வரப்போகிறது. வயலின்கள் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் அவருடைய ஆள்காட்டி விரல் மேலே எழும்பி, காற்றில் காத்துக்கொண்டு நிற்கிறது. வயலின்கள் இறங்கிய அதே நொடியில் விரலும் இறங்குகிறது. முகத்தில் ஒரு நிறைவு.

அந்த விரல் காற்றில் நின்ற இரண்டு நொடியைத்தான் கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் மூளைக்குள் பார்த்தார்கள். 2011-இல் சலிம்பூர், ஜடோரே குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. தங்களுக்குப் புல்லரிக்க வைக்கும் பாட்டுகளைக் கேட்பவர்களே கொண்டுவந்தார்கள். அதைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதை ஸ்கேன் காட்டியது. பசிக்குச் சாப்பாடு கிடைக்கும்போது வேலை செய்கிற அதே பொருள்தான். புல்லரிக்கும் கணத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமைன் கூடியது. அதற்குச் சில நொடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும்போதே, காடேட் என்ற இன்னொரு பகுதியில் அது கூடிவிட்டது. அதாவது, பாதி இன்பம் எதிர்பார்ப்பில் இருக்கிறது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க எந்த உணர்ச்சியும் தராத இசையும் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவருக்குப் புல்லரித்த இசையையே இன்னொருவருக்குப் போட்டார்கள். அதே ஒலி, அதே வாத்தியங்கள். ஒரு மூளை சிலிர்க்கிறது, பக்கத்து மூளை சும்மா இருக்கிறது.

எதிர்பார்க்க வேண்டுமென்றால் முதலில் பழக வேண்டும். இசையைக் கேட்கக் கேட்க, அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. ஊகம் எப்போதும் சரியாகவே இருந்தால் சலிப்பு. எப்போதும் தப்பினால் எரிச்சல். 2019-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 745 அமெரிக்கப் பாட்டுகளில் இருந்து 80,000 கார்டுகளை (chords, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) எடுத்துக் கணினியால் அலசினார்கள். இதுதான் வரும் என்று மனசு உறுதியாக இருக்கும்போது வேறொன்று வந்து விழுந்தால் இன்பம். என்ன வருமென்றே தெரியாமல் தவிக்கும்போது பழகியது வந்து நின்றாலும் இன்பம்.

இதை நம் மூவருக்கும் பொருத்திப் பார்க்கிறேன். விஸ்வநாதனிடம் மெட்டுக்குத்தான் முதலிடம். கவிஞரின் சொல்லைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். அப்பாவின் காது பாட்டு வரி எங்கே திரும்பும் என்று காத்திருக்கும். இளையராஜாவிடம் மெட்டு ஒரு பக்கம் போக, பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டுப் பாடும், வயலின்கள் இன்னொன்று சொல்லும். சித்தப்பாவின் காது மூன்றையும் ஒரே நேரத்தில் பின்தொடரப் பழகிய காது. ரகுமானிடம் ஒலியின் நிறமே புதிது. அடுக்கடுக்காக வைத்த சத்தங்களில் ஆறாவது முறை கேட்கும்போதுதான் ஒன்று காதில் படும். அக்கா ஹெட்போனில் அதைத் தேடிக் கேட்டு வளர்ந்தவள். மூவரும் ஒரே பாட்டைக் கேட்டாலும் வேறு வேறு இடத்தில் காத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் இந்த மூன்று இசையும் ஒன்றுக்கொன்று அந்நியம் இல்லை. 1986-இல் விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்தே ஒரு படத்துக்கு இசையமைத்தார்கள். ரகுமான் சின்ன வயதில் இளையராஜாவிடம் கீபோர்டு வாசித்தவர்.

"ஊரே கொண்டாடுகிறதே, அது பொய்யா?" என்றாள் அக்கா. நியாயமான கேள்வி. 2006-இல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் இதற்கு ஒரு சோதனை வைத்தார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள், 14,000-க்கும் மேற்பட்ட கேட்பவர்கள். அவர்களை எட்டு தனித்தனி உலகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்று காட்டினார்கள். இன்னொரு கூட்டத்துக்கு எண்ணிக்கையே காட்டவில்லை. எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் ஹிட்டுகள் இன்னும் பெரிய ஹிட்டுகள் ஆயின. ஆனால் ஒரு உலகத்தின் ஹிட் அடுத்த உலகத்தில் பின்னால் கிடந்தது. எண்ணிக்கை தெரியாத கூட்டத்தின் தேர்வுப்படி ஆகச் சிறந்தவை அநேகமாகத் தோற்கவில்லை, ஆக மோசமானவை அநேகமாக ஜெயிக்கவில்லை. நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போய் விழுந்தன. தரம் என்று ஒன்று நிச்சயமாக உண்டு. ஆனால் மேலே இருக்கும் சிலருக்குள் யார் முதல் என்பதை ஊர்க் கூட்டம் சரியாகச் சொல்லிவிடும் என்று நம்ப முடியாது.

சரி, காருக்குள் ஓட்டு போட்டுவிடலாம் என்றேன். அப்பாவின் வரிசை: விஸ்வநாதன், இளையராஜா, ரகுமான். சித்தப்பா: இளையராஜா, ரகுமான், விஸ்வநாதன். அக்கா: ரகுமான், விஸ்வநாதன், இளையராஜா. அக்காவுக்கு விஸ்வநாதன் எப்படி இரண்டாவது என்று கேட்காதீர்கள். அப்பாவின் ரேடியோவோடு வளர்ந்தவள். பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டுகளும் பிள்ளைகள் மனசில் ஒரு மேடு கட்டும் என்று 2013-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

இரண்டிரண்டு பேராக மோத விட்டோம். விஸ்வநாதனா இளையராஜாவா? அப்பா, அக்கா ஓட்டில் விஸ்வநாதன். இளையராஜாவா ரகுமானா? அப்பா, சித்தப்பா ஓட்டில் இளையராஜா. அப்படியானால் விஸ்வநாதன் ரகுமானையும் ஜெயிக்க வேண்டும் இல்லையா? சித்தப்பா, அக்கா ஓட்டில் ரகுமான் ஜெயித்தார்! சுற்றிச் சுற்றி வருகிறது, முடிவே இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் குழப்பமும் இல்லை. ஆளாளுக்குத் தெளிவாக இருந்தும் கூட்டாகச் சேரும்போது இப்படி வட்டம் விழலாம் என்று 1785-இலேயே பிரான்ஸில் கோந்தோர்சே என்ற கணித அறிஞர் எழுதி வைத்திருக்கிறார்.

நான்காவது ஓட்டு என்னுடையது. வயதுக் கணக்குப்படி எனக்கு ரகுமான்தான் வர வேண்டும். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு நேராகச் சித்தப்பா கடையில் போய் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். என் வரிசை அவருடையதேதான். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் விஸ்வநாதனும் இளையராஜாவும் இரண்டுக்கு இரண்டு என்று நின்றார்கள்.

விழுப்புரத்தில் டீ குடித்துவிட்டு ஏறியதும் அக்கா மகள் தன் போனை ப்ளூடூத்தில் இணைத்து அவளுக்குப் பிடித்த ஒரு புதுப் பாட்டைப் போட்டாள். முதல் முறை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதையே திரும்பப் போட்டாள். அப்புறம் இன்னொரு முறை. திண்டிவனம் தாண்டும்போது, டிரம்ஸ் வருவதற்கு அரை நொடி முன்னால், ஸ்டியரிங் மேல் என் விரல் எழும்பி நின்றது.