சுவருக்குள் பூசி மூடிய ஜொயின்ட்

போன ஆடியில் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனேன். வாஷிங் மெஷின் ஓடும்போதெல்லாம் பின் விறாந்தையில் மீன் மணம் வருகிறதாம். கடற்கரைப் பக்கம்தானே, யாரோ கருவாடு காயப் போட்டிருக்கிறார்கள் என்று அந்த அக்கா இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார். பிளக்கோ வயரோ மிதமிஞ்சிச் சூடாகும்போது பல சமயம் மீன் மணம்தான் வரும், இதைத் திருகோணமலையில் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள்.

மெஷினை ஓடவிட்டு, பிளக்குக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் கையை வைத்தேன். தேத்தண்ணிக் கோப்பை போலச் சுட்டது.

மெஷின் முதலில் குசினிக்குள் இருந்தது. விறாந்தைக்கு மாற்றியபோது சுவர் உடைத்த மேசனே வயரையும் நீட்டிக் கொடுத்திருக்கிறார். உடைத்துப் பார்த்தால், குசினியிலிருந்து வந்த தடித்த 7/0.67 வயரோடு லைட்டுக்குப் போடுகிற மெல்லிய 1/1.13 வயரை முறுக்கி, டேப் சுற்றி, கொண்டியூட் என்கிற வயர்க் குழாயும் இல்லாமல் அப்படியே சீமெந்து பூசியிருந்தது. டேப் களியாகிவிட்டது, செம்பு பச்சை பூத்துவிட்டது. எர்த் வயர் குசினியோடு நின்றுவிட்டது, மெஷினைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது என்று அக்கா சொன்னதற்குக் காரணம் அதுதான்.

"ட்ரிப் சுவிட்ச் இருக்குதே தம்பி, ஏன் விழேல்ல?" என்று கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் அளவில் கரண்ட் வெளியே கசிந்தால் விழும், பிரேக்கர் என்றால் அதன் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் விழும். லூசான ஜொயின்டில் இந்த இரண்டுமே நடப்பதில்லை, அது தன்பாட்டில் சூடாகிக்கொண்டே இருக்கும். தண்ணீரைச் சூடாக்குகிற மெஷின் 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும், ஜொயின்டில் அரை ஓம் தடை இருந்தாலே 40 வாட் சூடு, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு அதற்கு மேல் சீமெந்து பூசின மாதிரி. வயரின் பிவிசி உறை தாங்குவது 70 பாகை வரைதான்.

பழையதை முழுக்கக் கழற்றிவிட்டு, மெயின் போர்டிலிருந்து தனி லைனாக எர்த்தோடு சேர்த்து 7/0.67 வயரை 20 மில்லிமீட்டர் கொண்டியூட்டுக்குள் நடுவில் எங்கும் வெட்டாமல் இழுத்தேன். குசினியில் சுவருக்குள், விறாந்தையில் சுவருக்கு வெளியே. கொண்டியூட் நேர் மேலே அல்லது நேர் பக்கவாட்டில்தான் போகவேண்டும், வயர் மிச்சம் பிடிக்கலாம் என்று குறுக்கே சரிவாகக் கொண்டுபோனால் பிறகு ஆணி அடிக்கிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பொக்ஸ் வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் வயரை இழுக்கும்போதே உறை உரிந்துவிடும். ஜொயின்ட் போட்டே ஆகவேண்டிய இடமென்றால் அதுவும் மூடி கழற்றக்கூடிய பொக்ஸுக்குள், ஸ்க்ரூ கனெக்டரில்தான். சுவர் அழகு கெட்டுவிடும் என்று பலர் மறுக்கிறார்கள், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கடைசியில் எர்த் தொடர்ச்சியாக வருகிறதா என்று பார்த்து, 500 வோல்ட்டில் இன்சுலேஷனும், அதாவது வயர் உறையின் தடையும் சோதித்தேன், அது 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது.

அப்புறம், பூசுவதற்கு முன் அளவு நாடாவைச் சுவரில் பிடித்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். போன மாதம் குசினியில் தட்டு அடிக்க வந்தவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் துளை போட்டாராம்.