மின் டெட்டனேட்டர் தடை: ஆணையும் அதன் காரணமும்

கல்குவாரிகளிலும் கிணறு வெட்டும் இடங்களிலும் பல ஆண்டுகளாகப் புழங்கி வந்த, மின்சாரம் பாய்ந்ததும் வெடித்து வெடிமருந்தைத் தூண்டும் சிறு குழல்களான மின் டெட்டனேட்டர்களைத் தயாரிக்கவும், வைத்திருக்கவும், இறக்குமதி செய்யவும் இந்திய அரசு விதித்த தடை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மிகவும் ஆபத்தானது என்று கருதும் வெடிபொருளை அடியோடு தடுக்கும் அதிகாரத்தை, 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் 6-ஆவது பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. இந்த ஆணை அப்பிரிவின்படி பிறப்பிக்கப்பட்டது. ஆணையில் உள்ள ‘வைத்திருத்தல்’ என்ற சொல்லைக் குவாரி நடத்துபவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். புதிதாக வாங்குவது மட்டுமன்றி, கிடங்கில் மிஞ்சிக் கிடப்பதும் அதற்குள் அடங்கும்.

தடைக்கான காரணம் அப்பொருளின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ந்து சூடேறினால் டெட்டனேட்டர் வெடித்துவிடும். அந்த மின்சாரம் வெடி வைப்பவரின் கருவியிலிருந்து வந்ததா, 230 வோல்ட் வீட்டு இணைப்பிலிருந்து வந்ததா, மின்னலாலோ உடையில் சேர்ந்த நிலைமின்னாலோ உண்டானதா என்று பிரித்தறிய அதற்கு வழியே கிடையாது. வானம் இடிக்கத் தொடங்கியதும் வெடி வேலையை நிறுத்தி ஆட்களை அப்புறப்படுத்துவது இதனால்தான்.

மாற்றாக வந்துள்ள எலக்ட்ரானிக் டெட்டனேட்டருக்குள் ஒரு மின்னணுச் சில்லு (சிப்) இருக்கிறது. தனக்குரிய குறியீட்டுக் கட்டளை வந்தால் மட்டுமே அது இயங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், தவறிப் பாயும் மின்சாரத்தால் நேரும் ஆபத்து பெரிதும் குறைகிறது. இந்தத் தாங்குதிறனைச் சோதிப்பது தயாரிப்பாளரும் அதற்கென அமைந்த ஆய்வுக்கூடமும் செய்ய வேண்டிய வேலை. வேலைத்தளத்திலோ வீட்டிலோ எவரும் செய்து பார்க்கக் கூடியதன்று.

காட்டோரத்திலோ பழைய குவாரிக் குழியிலோ கம்பிகள் நீட்டிய சிறு உலோகக் குழல் கண்ணில் பட்டால் அதைத் தொடாமல், கம்பியைப் பிரிக்காமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு, எட்ட வந்த பிறகு 112-க்கு அழைக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் வெடிபொருளை வைத்திருப்பதையே சட்டத்தின் 6ஏ பிரிவு தடுக்கிறது. உரிமம் பெற்ற இடத்தில் உயிருக்கோ உடைமைக்கோ கேடு விளைவிக்கும் வெடி விபத்து நேர்ந்தால், 8-ஆவது பிரிவின்படி அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் (பெசோ) தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டாளருக்கும் தெரிவிப்பது அவ்விடத்தை நடத்துபவரின் கடமை. காயமடைந்தவரின் குடும்பம் பின்னர் இழப்பீடு கோரும்போது அந்தப் பதிவே முதல் சான்றாக உதவும்.